மொய் நோட்டில் ஏறாத கணக்கு: ஊருக்கு ஒரு நன்றி மடல்

ஊரில் இருக்கிற எல்லாருக்கும், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் ஊரைப் பார்க்கிற என் பழைய பிள்ளைகளுக்கும், நம் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் பெரிய டீச்சர் எழுதுவது.

இந்த மே 31-ஆம் தேதியோடு எனக்குப் பணி ஓய்வு. பாராட்டு விழா வேண்டாம் என்று சொன்னதில் சிலருக்கு என் மேல் வருத்தம் என்று தெரியும். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு அழுகைதான் வரும், சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும், அதனால் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014-இல் மாறுதல் கலந்தாய்வில் இந்த ஊரின் பெயரைப் பார்த்தபோது எனக்கு இது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியில் பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு புளியமரத்தடியில் இறங்கி முழித்துக்கொண்டு நின்றேன். டிவிஎஸ் ஃபிப்டியில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு அண்ணன், "பள்ளிக்கூடத்துக்கா? ஏறுங்க" என்று மூட்டையை முன்னால் மாற்றி வைத்துவிட்டுக் கூட்டிவந்தார். முதல் நாள் பள்ளிக்குள் நான் நுழைந்தது சேலையெல்லாம் சம்பங்கி வாசத்தோடு. அந்த அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. பஸ்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மறுநாளிலிருந்து 8.40 பஸ் நிறுத்தமே இல்லாத இடத்தில் எனக்காக நின்றது, பதினோரு வருஷமாக நிற்கிறது.

அப்போது வருகைப் பதிவேட்டில் 19 பிள்ளைகள். சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர், அந்த இரண்டு பேர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஒருவர் லீவு போட்டாலோ பயிற்சிக்குப் போனாலோ மிச்சம் இருப்பவர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தப் போக வேண்டும். காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எதிரே தனியார் பள்ளி மஞ்சள் வேன் இரண்டு ஊருக்குள் போகும், பிள்ளைகளை அள்ளிக்கொண்டு திரும்பும். அந்த வேனில் இருந்து தன் மகளை இறக்கி முதன்முதலாக நம்மிடம் கொண்டுவந்து விட்ட அம்மாவை ஊரே ஒரு மாதிரி பார்த்தது. "பீஸ் கட்ட முடியலை போல" என்று அவர் காதுபடப் பேசினார்கள். அவர் அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. வருஷக் கடைசியில் அந்தப் பிள்ளை கோயில் திருவிழா மேடையில் தமிழ்ச் செய்தித்தாளைத் தடுக்காமல் வாசித்தாள், அந்த ஜூனில் ஏழு பிள்ளைகள் வேனை விட்டு இறங்கினார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த எந்தச் சுற்றறிக்கையும் அந்த வேலையைச் செய்யவில்லை.

அடுத்தது கல்விச் சீர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கத்துக்காரர்களுக்கு மொய் விருந்து என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி, ஆவணியில் பல பேர் ஒன்றாகச் சேர்ந்து பத்திரிகை அடித்து, ஒரே பந்தலில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். அதை வட்டியில்லாத கடன் என்றே வைத்துக்கொள்ளலாம், அந்தப் பணத்தில் போர்வெல் போடுவார்கள், கல்யாணம் செய்வார்கள். ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் நோட்டு உண்டு. பழைய மொய் இவ்வளவு, புது மொய் இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வைத்து, அடுத்தவர் முறை வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாதவர் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நோட்டில்லாமல் இந்தப் பக்கம் ஒரு காசு கைமாறாது என்றே நான் நினைத்திருந்தேன்.

2017-இல் ஊர் கூடிப் பள்ளிக்குச் சீர் கொண்டுவருவது என்று முடிவானது. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வருகிற மாதிரியே, முன்னால் மேளம், பின்னால் தட்டுத்தட்டாகப் பெண்கள், அதற்குப் பின்னால் டிராக்டர். தட்டில் பழம், தேங்காயோடு நோட்டுப் புத்தகம், பென்சில் டப்பா, ஸ்கேல். டிராக்டரில் பீரோ, நாற்காலிகள், இரண்டு மின்விசிறி, தண்ணீர்க் குடங்கள், சுவர்க்கடிகாரம். பக்கத்து ஊர் ஜமாத்தார் தனியாக ஒரு தட்டு வரிசை எடுத்து வந்தார்கள், அதில் ஒரு தட்டு நிறைய அழிப்பான் மட்டுமே இருந்தது, நம் பிள்ளைகள் அதைத்தான் முதலில் சூழ்ந்துகொண்டார்கள். நான் வாசலில் மேசை போட்டு, நோட்டைத் திறந்து, யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். நாலாவது பெயர் எழுதும்போது டீக்கடை ஐயா வந்து நோட்டின் மேல் கையை வைத்தார்.

"நோட்டை மூடுங்க டீச்சர். நோட்டுல ஏறிட்டா கடனாயிரும்."

மூடிவிட்டேன். ஆனால் அரசுப் பள்ளியில் இருப்புப் பதிவேட்டில் ஏற்றாமல் ஒரு நாற்காலிகூட வைத்திருக்க முடியாது, நாளைக்கு ஆடிட்டில் இது எப்படி வந்தது என்று கேட்பார்கள். அதனால் நன்கொடையாளர் என்கிற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஊர்ப் பொதுமக்கள்' என்று ஒரே வரி எழுதினேன். இப்போதும் அந்த வரி அப்படியே இருக்கிறது. இந்த மடலிலும் நான் யார் பெயரையும் எழுதாததற்குக் காரணம் அதுதான். பெயர் போட்டால் டீக்கடை ஐயா மறுபடி வந்து கையை வைப்பார்.

இது புதுப் பழக்கமும் இல்லை. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடந்தது, அந்தந்த ஊர்க்காரர்களே பள்ளிக்கு இடம் கொடுத்தார்கள், மேசை, நாற்காலி கொடுத்தார்கள். நம் ஓட்டுக் கட்டடம் நிற்கிற இடமும் அப்போது ஒரு குடும்பம் எழுதிக்கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பேரன் தன் மகனைச் சேர்க்க வந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சேர்க்கை விண்ணப்பத்தை வாங்கி நிரப்பிவிட்டு வரிசையில் நின்றார்.

சீர் வந்த மறுவருஷம் கஜா புயல். 2018 நவம்பர் 16, விடியற்காலை. அந்த இரவைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் நான் வந்து பார்த்தபோது நம் வேப்பமரம் சுற்றுச்சுவர் மேல் படுத்திருந்தது, ஓடு பாதி இல்லை. ஒரு அண்ணன் அரிவாளோடு கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். அவர் தோப்பில் நாற்பது தென்னை சாய்ந்து கிடந்ததை வரும் வழியில்தான் பார்த்துவிட்டு வந்தேன். "உங்க தோப்பு கிடக்குதே அண்ணே" என்றேன். "அது எங்கயும் போகாது டீச்சர், பிள்ளைகளுக்கு வழி வேணும்ல" என்றார். அந்த வேம்பை விறகுக்கு விடாமல் அறுத்து இரண்டு பெஞ்சாக்கிக் கொடுத்ததும் அவர்தான். மூன்றாம் வகுப்பில் சன்னலோரம் கிடக்கிறதே, அந்தப் பெஞ்சுதான். கோடையில் இன்னும் லேசாகக் கசப்பு வாசம் வரும்.

கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2021 நவம்பரில் திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்பு, கையில் பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. அந்த வருஷம் அரசின் சாயங்கால வகுப்பான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக வந்த நம் ஊர்ப் பெண்ணை மட்டும் சொல்ல வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, அதில் பாதிக்கு மேல் ஸ்கெட்ச் பேனாவும் சார்ட்டும் வாங்கியே தீர்த்தது அந்தப் பெண். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கலையரங்கத்தில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். நான் இரண்டு வருஷம் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில் பெரும்பகுதி அந்த மேடையில்தான் நடந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2023 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை, காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த நாள். முதல் நாள் ஒரே கூட்டம், ஒரே சிரிப்பு. சமைக்க வந்தவர்கள் மகளிர் குழுவைச் சேர்ந்த மூன்று பேர், மூன்று பேர் பிள்ளைகளும் நம்மிடமே படிக்கிறவர்கள். திங்கட்கிழமை உப்புமா. ஆறு பிள்ளைகள் தட்டு எடுக்கவில்லை. கேட்டால், "வயித்து வலி டீச்சர்." ஆறு பேருக்கும் ஒரே நாளில், அதுவும் ஒரே தெருவில். சமைக்கிற மூவரில் ஒருவர் எந்தத் தெரு என்பதுதான் அந்த வலி என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் நான் அன்று வாயைத் திறக்கவில்லை. கூட்டம் போட்டுப் பேசலாமா, அதிகாரிகளுக்குச் சொல்லலாமா, சொன்னால் ஊர் இரண்டாகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் செவ்வாய், கிச்சடி. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிற அந்த அம்மா பூக்கொல்லையில் இருந்து நேராக வந்தார். தலைவியாக ஒரு தாய்தான் இருக்க வேண்டும் என்பதால் ஊர் அவரைப் பிடித்து உட்கார வைத்தது, அதுவரை கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவர் பேசி நான் கேட்டதில்லை. விரல் நுனியெல்லாம் கனகாம்பரச் சிவப்பு, இடுப்பில் பூ பறிக்கிற மடித்துணி அவிழ்க்காமல் அப்படியே இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அக்கா, எனக்கும் ஒரு கரண்டி வைங்க, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார். வைத்தார்கள். சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். வயிற்றுவலிக்காரர்களில் ஒருத்தி அவருடைய நாத்தனார் மகள், அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை பொங்கல், அன்றைக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வாரக் கடைசிக்குள் நாலு பேருக்கு வலி சரியாகிவிட்டது. ஐந்தாவது பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனது. ஆறாவது பிள்ளையை வீட்டில் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள், டி.சி.யை நானேதான் எழுதிக்கொடுத்தேன். அவன் இன்றைக்கும் வேன் சன்னலில் இருந்து எனக்குக் கையாட்டுகிறான்.

தலைவியம்மா, அன்று நான் செய்திருக்க வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். இதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு ரெண்டு வருஷமாக வாய் வரவில்லை. அப்புறம் அந்தச் சமையல் அக்காவுக்கு. திங்கட்கிழமை ஆறு தட்டு மிஞ்சியதை நீங்களும் பார்த்தீர்கள், காரணமும் உங்களுக்குத் தெரியும், மறுநாள் காலையில் வழக்கம்போல வந்து அடுப்பைப் பற்ற வைத்தீர்கள். அதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாகப் போய்விடுகிறது.

சின்னச் சின்னதாக இன்னும் எவ்வளவோ. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் வாங்கிக் கொடுத்த சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நன்றி (மோட்டாருக்கு எத்தனை போட்டோடா கேட்பீர்கள், கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் இவ்வளவு போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள்). சிக்னல் கிடைக்காத நாளில் கல்வித்துறையின் எமிஸ் ஆப்பில் வருகை ஏற்ற எனக்கு மாடியைத் திறந்துவிடும் எதிர்வீட்டு அப்பத்தாவுக்கு. மிட்டாய்க்குப் பதில் பிறந்தநாளுக்குக் கதைப்புத்தகம் என்றதும், "எது நல்ல புத்தகம்?" என்று கீரமங்கலத்தில் இருந்து போன் போட்டுக் கேட்ட அப்பாமார்களுக்கு. சன்னல் மேல் இருக்கிற அனாதை டப்பாவுக்கும்கூட. கீழே கிடந்த பென்சில், ரப்பர் எதுவானாலும் அதில் போட வேண்டும், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்பதில்லை. நான் வந்தபோது அது ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா, இப்போது இரண்டாகிவிட்டது.

ஒருவனிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். தினமும் லேட்டாக வருகிறான் என்று ஒரு வருஷம் முழுக்க ஒரு பையனை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். விடியுமுன் எழுந்து பூப்பறித்துவிட்டு வருகிறான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் புத்தகப் பையில் எப்போதும் முல்லை வாசம் அடிக்கும், அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். இப்போது அவன் கல்லூரிக்குப் போகிறான். தம்பி, இதைப் படித்தால் ஒருதரம் போன் பண்ணு.

இனி வேலை விஷயம். இந்த ஜூனில் பதிவேட்டில் 41 பிள்ளைகள் இருப்பார்கள். பீரோ சாவி டீக்கடை ஐயாவிடம் இருக்கிறது. மோட்டார் சுவிட்சை இரண்டு தரம் போட வேண்டும், முதல் தரம் ஓடாது. கஜாவுக்கு அப்புறம் வைத்த நாவல் மரத்துக்கு லீவிலும் யாராவது தண்ணீர் ஊற்றுங்கள், போன வருஷம்தான் காய்க்க ஆரம்பித்திருக்கிறது. புது டீச்சர் பள்ளி திறக்கிற அன்று 8.40 பஸ்ஸில் வருவார் என்று நினைக்கிறேன். அவருக்கும் இறங்கும் இடம் தெரியாது. யாராவது போய் நின்று கூட்டிவாருங்கள்.