டெஸ்ட் ரைடு பாலம் வரைக்கும் போதாதுங்க: அட்வெஞ்சர் பைக் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்வெஞ்சர் பைக் செய்யும் கம்பெனிகளுக்கும், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் அவற்றை விற்கும் ஷோரூம்காரர்களுக்கும்,

வணக்கமுங்க.

தார் ரோடு, மண்ரோடு இரண்டிலும் தூரம் போகச் செய்த உயரமான வண்டிதான் அட்வெஞ்சர் பைக். புதிதாக அப்படி ஒன்றை வாங்கி, முதல் சர்வீஸும் முடித்து, கொங்கு நாட்டில் நாலா பக்கமும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப்போவதில்லை. நானூறு சிசிக்குக் கொஞ்சம் மேலே, இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, முன்னால் 21 இன்ச் சக்கரம். இந்த வகையில் எதை எடுத்தாலும் நான் சொல்வது ஏறக்குறையப் பொருந்தும். வண்டி நல்ல வண்டிதான், எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு மனத்தாங்கல் எல்லாம் அதை விற்கிற விதத்தில்தான். டெஸ்ட் ரைடு என்று நீங்கள் கொடுப்பதை அரை நாளாக்குங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். லைசென்ஸை வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டு, "அண்ணா, அந்தப் பாலம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிருங்க" என்பார் ஷோரூம் தம்பி. பல இடங்களில் அவரும் பின்னால் ஏறிக்கொள்வார். இரண்டு சிக்னல், ஒரு வேகத்தடை. நான்காவது கியர் போடுவதற்குள் திரும்ப வேண்டிய இடம் வந்துவிடும். ஹாரன் சத்தமும் கண்ணாடி இருக்கிற லட்சணமும் தெரிந்துகொண்டு இறங்கி வந்து, மூன்று லட்சத்துக்கு மேலான ஒரு பொருளுக்குக் கையெழுத்துப் போடுகிறோம். கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை பிடிக்கப் போகிறவர்கூட பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, முடிந்தால் வண்டியில் பூட்டி நாலு எட்டு ஓட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவார்.

தூரம் போவதற்கென்றே செய்த வண்டியைத் தூரம் போகாமல் எப்படி எடை போடுவது?

முதல் ஒரு மணி நேரம் இந்த வண்டிகள் எல்லாமே அருமை. 544 நெடுஞ்சாலையில் அவிநாசி தாண்டிப் பெருந்துறைப் பக்கம் போகும்போது கார் கூரைக்கு மேலே கண் போகிறது. நாலு வண்டிக்கு முன்னால் யார் பிரேக் பிடிக்கிறார் என்று தெரிகிறது. முதுகு நிமிர்ந்து, கைப்பிடி அகலமாக, முழங்கால் அதிகம் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறோம். சர்வீஸ் ரோட்டில் இறங்கினால், பெரிய முன்சக்கரமும் நீளமாக இறங்கி ஏறும் சஸ்பென்ஷனும் குழியைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. ஊர் பெயர்ப்பலகைக்கு முன்னாலேயே வரிசையாக வந்து நிற்கும் வேகத்தடைகளை, கால் வைக்கும் ஃபுட் பெக்கில் எழுந்து நின்றபடி கடக்கலாம். பழைய நூற்றைம்பது சிசி வண்டியில் இடுப்பு வாங்கிய அடி எதுவும் இதில் இல்லை. இதுவரைக்கும் உங்கள் விளம்பரம் உண்மை.

இரண்டாவது மணி நேரத்தில்தான் வண்டி வாயைத் திறக்கிறது. ஷோரூமில் மெத்தென்று இருந்த சீட், பவானி வருவதற்குள் ஒரு பக்கம் மரத்துப்போக வைக்கிறது. காலில் விழும் அனல் இன்னொன்று. நீர்க்குளிர்ச்சி எஞ்சின் என்பதால் ரேடியேட்டர் விசிறி சுற்றும்போதெல்லாம் சூடு எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும். பங்குனி, சித்திரையில் ஈரோட்டு மதிய நெரிசலில் அது யாருடைய கால் பக்கம் வருகிறது என்பதை பாலம் வரைக்கும் போய் வந்தவருக்கு எப்படித் தெரியும்? டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெம்பு தீர்ந்திருக்கும். அந்த நிலைமை எத்தனையாவது கிலோமீட்டரில் வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் யூடியூபில் இன்னொருவர் சொல்வதைக் கேட்டு இதை முடிவு செய்ய முடிவதில்லை.

அப்புறம் காற்று. இதை உங்கள் டிசைன் ஆட்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நேராக நம் பக்கம் வருகிறது. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி சுற்றிக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள், அம்மியைவிட அட்வெஞ்சர் பைக்குக்கு உயரம் அதிகம். பல்லடத்திலிருந்து உடுமலை போகும் ரோட்டில் பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு வண்டியைச் சற்றே சாய்த்துப் பிடித்தபடிதான் நேராகவே போக முடிகிறது. எதிரில் ஒரு லாரி வந்து காற்றை ஒரு நொடி மறைத்துவிட்டுப் போகும். சாய்த்துப் பிடித்த வண்டி அந்த ஒரு நொடியில் லாரி பக்கமாக ஒரு முழம் நகரும். பக்கப் பெட்டிகள் மாட்டியிருந்தால் இன்னும் அதிகம். முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடித் தடுப்பு நெஞ்சில் படும் காற்றை எடுத்து ஹெல்மெட்டின் நெற்றியில் கொண்டுபோய்ப் போடுகிறது. என் உயரத்துக்கு அது இரைச்சல், என்னைவிட நாலு விரல் குட்டையானவருக்குத் தொந்தரவே இல்லை. கேட்டலாக்கில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. கடையில் நின்றபடி பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமும் இல்லை.

அடுத்தது உயரம். 825 மில்லிமீட்டர், 835 மில்லிமீட்டர் என்று சீட் உயரத்தை அச்சடித்துக் கொடுக்கிறீர்கள். சமதளத் தரையில், டைல்ஸ் போட்ட ஷோரூமில் அந்த எண் சரி. சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலைப்பாதையில் அந்த எண்ணுக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

பண்ணாரி தாண்டி ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். சாம்ராஜ்நகர், மைசூர் போகும் சரக்கு லாரிகள் பலவும் இதே வழிதான். 2022இல் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், காலையில் தடுப்பைத் திறந்ததும் காத்திருந்த வண்டிகள் மொத்தமாக ஏறுகின்றன. ஒரு வளைவில் நீள லாரி ஒன்று ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்தது. நாங்கள் வளைவின் நடுவே நின்றோம். பின்னால் வீட்டுக்காரி, கையில் கோயில் கூடை. ரோடு அந்த இடத்தில் உள்பக்கமாகச் சரிந்து கிடக்கும். இடது கால் தரையில் நன்றாகப் பதிந்தது. வலது கால் பெருவிரல் ரோட்டைத் தேடிக்கொண்டே தொங்கியது. வண்டி, இரண்டு ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது கிலோவை ஒரு காலும் ஒரு முன்பிரேக்கும் தாங்கிக்கொண்டிருந்தன. "ஏனுங்க, நான் எறங்கிக்கட்டுங்களா?" என்றாள். அவள் இறங்குவதற்கும் நான் இரண்டு காலையும் ஊன்ற வேண்டும். "அப்படியே அசையாம இரு" என்றேன். லாரி நகர்ந்ததும் கிளட்சைப் பாதி விட்டு முதல் கியரில் ஏறினோம். எஞ்சின் திணறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குறைந்த ஆர்பிஎம்மில் அந்த இழுவை இருந்ததால்தான் பிழைத்தோம்.

ஒரு வளைவில் இப்படி நின்று பார்த்திருந்தால், குட்டைச் சீட்டை அன்றைக்கே கேட்டு வாங்கியிருப்பேன். அப்படி ஒன்று துணைப் பாகமாகக் கிடைக்கிறது என்பதே டெலிவரி எடுத்து வெகுநாள் கழித்து வேறொரு ஓட்டுநர் சொல்லித்தான் தெரியும். விற்றவர் சொல்லவில்லை.

பின்சீட்டைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதால் நான் பேசுகிறேன். இந்த வகை வண்டியின் பூர்வீகம் பாலைவனம். 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து டாக்கருக்கு முதல் பந்தயம் கிளம்பியது. 1980இல் பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் என்ற பைக் வந்தது. அதன் வம்சம்தான் இன்றைக்கு ஓசூரிலும் சென்னைப் பக்கத்திலும் உருவாகும் வண்டிகள் வரைக்கும் வந்திருக்கிறது. அந்தப் பந்தயத்தில் யாரும் பொண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகவில்லை. நாங்கள் போகிறோம். கோபியில் சீர், பழனியில் மொட்டை, அந்தியூரில் குதிரைச் சந்தை, எல்லாவற்றுக்கும் இரண்டு பேர்தான். பெட்டி மாட்ட வேண்டும் என்று சாரி கார்டைக் கழற்றிவிட்டு வண்டியைக் கையில் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு, மூன்றும் இருக்க வேண்டும். நீங்கள் அழகுக்காகக் கழற்றுவது அந்த மூன்றாவது.

வீட்டுக்காரி வண்டியில் ஏறும் விதத்தைப் பார்த்தால் உங்கள் ஆட்களுக்குப் பாதிப் பாடம் ஆகிவிடும். அன்னூர் பக்கம் ஒரு பேக்கரியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, நான் இரண்டு காலையும் ஊன்றி பிரேக்கைப் பிடித்துக்கொள்ள, என் தோளைப் பற்றி, இடது ஃபுட் பெக்கில் ஏறி நின்று, பெட்டிக்கும் என் முதுகுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் காலை மடக்கித் திருப்பி அந்தப் பக்கம் போட வேண்டும். சுடிதாரில் அது ஒரு வித்தை. சேலையில் முடியவே முடியாது, ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டும், அதற்குத் தோதாக அந்த சீட்டும் இல்லை. பேக்கரியில் இருந்த அத்தனை பேரும் பஜ்ஜியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

டிஸ்ப்ளே, புளூடூத், மேப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் வேலை செய்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கிற பட்டன் மட்டும் மண்ரோட்டில் உபயோகம். அதையும் ஷோரூம் வாசலில் சோதிக்க வழியில்லை.

நீங்கள் சொல்லப்போகிற பதிலும் எனக்குத் தெரியும். டெமோ வண்டி ஒன்றுதான், விழுந்தால் யார் பொறுப்பு, பெட்ரோல் யார் போடுவது, சும்மா ஓட்டிப் பார்க்க வருகிறவர்களை என்ன செய்வது. நியாயமான கேள்விகள்தான். முன்பணம் வாங்குங்கள். வண்டியை எடுத்தால் பில்லில் கழித்துவிடுங்கள், எடுக்காவிட்டால் பெட்ரோலுக்கும் தேய்மானத்துக்கும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுக்க யோசிக்கிறவர் எப்படியும் இந்த வண்டியை எடுக்கப்போவதில்லை. டெமோ வண்டி கிலோமீட்டர் ஏறி விலை குறைந்தால், அந்த விலைக்கு வாங்க இங்கே ஆள் இருக்கிறது, நாளைக்கே வரிசையில் நிற்பார்கள்.

இந்த ஊர்க்காரர் கையில் வண்டியைக் கொடுக்கப் பயப்படவும் வேண்டாம். கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டுத்தான் இயந்திரம் படித்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் வைத்திருக்கிற ஊர் இது. பட்டறையில் நின்று எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்கிறவர்களிடம், பாலம் வரைக்கும் போய்விட்டு வாருங்கள் என்றால் சிரிக்க மாட்டார்களா?

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டால், கோயமுத்தூர் ஷோரூம்களுக்கு சத்தி ரோடு போதும். சரவணம்பட்டி நெரிசலில் சூடு தெரியும், அன்னூர், புளியம்பட்டி வழியாக சத்தி போய்ச் சேர ஏறத்தாழ எழுபது கிலோமீட்டரில் சீட் தெரியும், திம்பம் ஏறினால் மற்றதெல்லாம் தெரியும். நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலையில் 70 வளைவு இருக்கிறது, பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. யார் பின்னால் உட்காரப்போகிறாரோ அவரையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லுங்கள். டெமோ வண்டிகளில் ஒன்றுக்காவது குட்டைச் சீட்டை மாட்டி வையுங்கள். சாரி கார்டைக் கழற்றாதீர்கள். இரண்டு பேர் ஏறுவதாக இருந்தால் பின் சஸ்பென்ஷனை நாலு படி இறுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கான ஸ்பானர் வண்டியோடுதான் வருகிறது, என் வண்டியில் அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சீட்டுக்கடியில் கிடந்தது.

இப்படிக்கு,
கோயமுத்தூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்