பழைய கொழும்பில் தமிழர் சும்மாவா இருந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற ஞாயிறு இதழில் பழைய பத்திரிகைகளின் வழியே கொழும்பு வாழ்க்கையை விவரித்து வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் இளைஞர் என்று ஊகிக்கிறேன். உழைத்திருக்கிறார், வாழ்த்துகள். ஆனால் நான்காவது பத்தியில், கொழும்புத் தமிழருக்கு அந்நாளில் ஆடிவேல் திருவிழாவைத் தவிர வேறு பொழுதுபோக்கு இருந்ததாகத் தெரியவில்லை என்று ஒரு வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். தாங்களும் அதைப் போகிறபோக்கில் அச்சேற்றியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியால் அன்றைய காலைத் தேநீர் ஆறிப்போயிற்று.

தேடிய இடம் எதுவென்று கட்டுரையே காட்டிக்கொடுக்கிறது. அதில் வருவதெல்லாம் ஆங்கிலப் பத்திரிகைகள், அதாவது துரைமார் துரைமாருக்காக நடத்தியவை. காலிமுகத்திடலில் ஓடிக்கொண்டிருந்த பந்தயக் குதிரைகள் 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு இடம்மாறியது பற்றி இரண்டு பத்திகள். பந்தய வாரத்துக்காக மலையிலிருந்து இறங்கிவந்த தோட்டத் துரைமாரைப் பற்றி ஒரு பத்தி. சீமாட்டிகளின் தொப்பிகளுக்குத் தனியாக இன்னொன்று. காலிமுகத்திடலில் ஆளுநர் ஹென்றி வார்ட் நாட்டிய கல்லையும் கட்டுரையாளர் விடவில்லை. 1856இல் தொடங்கி 1859இல் முடித்த அந்த நடைபாதையைக் கொழும்பின் பெண்களையும் பிள்ளைகளையும் முன்னிட்டு, தமக்குப் பின் வருவோரின் பொறுப்பில் விடுவதாக அதில் எழுதியிருக்கிறது. எந்தப் பெண்கள், யாருடைய பிள்ளைகள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பத்திரிகைகளில் நம்மவர்கள் பெரும்பாலும் பொலிஸ் கோர்ட்டுச் செய்திகளில்தான் தலைகாட்டுகிறார்கள். பொலிஸ் கோர்ட்டை மட்டும் படித்துவிட்டு ஒரு சமூகம் எப்படிச் சிரித்தது என்று தீர்மானிப்பது துணிச்சலான காரியம்தான்.

முதலில் ஆடிவேலையே எடுத்துக்கொள்வோம். வேல் விழா வழிபாடு. அதைப் பொழுதுபோக்குப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் செட்டியார் தெருவில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, வேடிக்கையும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. செட்டியார் தெருவிலிருந்து வேல் இரதம் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குப் போய்ச் சேரும்வரை நகரமே தெருவில் நின்றது. கரும்புக் கட்டுகளை வாங்கித் தோளில் சுமந்துகொண்டு போனவர்களில் சிங்களவர்களும் முஸ்லிம்களும் நம்மவர்களுக்குச் சமமாக இருந்தார்கள். வளையல் கடையில் பேரம் பேசியவர்களைக் கேட்கவே வேண்டாம். அது கொழும்பின் விழா. அதைத் தமிழருக்கு மட்டும் கொடுத்து, கொடுத்ததோடு கணக்கையும் முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

நாடகம் என்ன ஆயிற்று? 1911இல் மருதானையில் டவர் மண்டபம் திறந்ததை அவர் குறிப்பிடுகிறார், நல்லது. அதே 1911இல் சென்னை நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் தம் நாடகக் குழுவான சுகுண விலாச சபையாரோடு கொழும்புக்கு வந்து நாடகம் நடத்தினார். அதைப் பார்த்து மனம் பறிகொடுத்த சொர்ணலிங்கம், பின்னாளில் நாம் 'கலையரசு' என்று கொண்டாடியவர், 1913இல் இங்கேயே இலங்கை சுபோத விலாச சபையைத் தொடங்கினார். அலுவலகத்தில் பேனா பிடித்தவர்கள் மாலையில் அரிதாரம் பூசினார்கள். இது தங்களுக்குத் தெரியாததல்ல; தங்கள் பத்திரிகையே அவரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறது, நான் படித்திருக்கிறேன். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும் இருகரைகளிலும் ரயிலும் இணைந்த பிறகு, சென்னையில் ஏறுகிற வித்துவான் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்குவது பெரிய காரியமாக இருக்கவில்லை. 1964 டிசம்பர்ப் புயல் அந்தப் பாதையைக் கொண்டுபோகும்வரை அது ஒரு பக்கத்து ஊர்ப் பயணம்.

சினிமாவைப் பற்றி ரீகல் என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். அந்த ரீகல் நிற்கிற வீதிக்கு யாருடைய பெயர்? சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர். 1928இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கியவர், தமிழர். நகரத்துக்குப் படம் காட்டியவரே தமிழர், தமிழருக்குப் பொழுதுபோக்கு இல்லை! மருதானை கெப்பிட்டலிலும் வெள்ளவத்தை பிளாசாவிலும் கலரி டிக்கெட்டுக்காக வரிசையில் நின்று சட்டைப் பொத்தான் பறிபோனவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம். விலை கூடிய ஓ.டி.சி. இருக்கையில் உட்காருவது எங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் மட்டும் கிடைக்கிற மரியாதை. வானொலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனன் அவர்களின் குரலுக்காகத் தமிழ்நாட்டு வீடுகளில் முள்ளைத் திருப்பினார்கள். இங்கே கொழும்பில் அவரை மறந்து ஒரு முழுப்பக்கம் எழுத முடிகிறது.

கிரிக்கெட் வெள்ளையர் கழகங்களின் ஆட்டமாம். தமிழ் யூனியன் கழகம் 1899இல் தொடங்கியது. 1948இல் இங்கிலாந்துக்குப் போகிற வழியில் கப்பலிலிருந்து இறங்கிய பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி ஆடியது அந்தக் கழகத்தின் ஓவல் மைதானத்தில்தான். இலங்கை அணிக்குத் தலைவர் சதாசிவம். ஆடுகளம் 22 கஜத்துக்குப் பதிலாக 20 கஜ அளவில் இருந்தது என்பது பிறகு தெரிய வந்தது. துறைமுகத்தில் கணக்கெழுதிய என் தந்தையார் அன்று அரைநாள் விடுப்பெடுத்து, வெயிலில் நின்று பார்த்தவர். அந்த இரண்டு கஜக் குறைவுக்கு யார் பொறுப்பு என்பதைச் சாகும்வரை வாதிட்டார். இதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லையென்றால் வேறெது?

தந்தையார் பத்திரிகைத் துண்டுகளை வெட்டிப் பழைய கணக்குப் பேரேடு ஒன்றில் ஒட்டிவைப்பார். நாடக அறிவித்தல், சங்கீதக் கச்சேரி, படம் மாறும் வெள்ளிக்கிழமை விளம்பரம், விவேகானந்த சபைச் சொற்பொழிவு, யாரோ ஒரு மல்யுத்த வீரரின் படம், டொனிக் விளம்பரம் எல்லாம் அதில் இருந்தன. எதற்கு இந்தக் குப்பை என்று அம்மா கேட்பார். 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு அந்தப் பேரேடும் எரிந்தது. எங்களைப் போல எத்தனை வீடுகள் என்பது தங்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகமே எரிந்ததும் தெரியும். ஆகவே, ஒரு தமிழ்ப் பத்திரிகையில் கொழும்புத் தமிழரின் வாழ்க்கையைத் தேடிப் பார்க்காமலே 'தெரியவில்லை' என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. எரியாமல் மிஞ்சியதில் ஒரு பங்கு தங்கள் அலுவலக அலமாரிகளில்தான் இருக்கிறது. கட்டுரையாளர் மாடிப்படி ஏறினால் போதும்.

ஏற விடுவார்களா என்பது வேறு கேள்வி. நான் ஓய்வுபெற்ற பிறகு, தந்தையார் பங்குகொண்ட ஒரு நாடகத்தின் விமர்சனத்தைத் தேடித் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வாயிலில் இருந்த பாதுகாவலர் பழைய பேப்பர் விற்பதில்லை என்றார். விலைக்கு வாங்க வரவில்லை என்றேன். அப்படியானால் எதற்கு வந்தீர்கள் என்றார். உள்ளிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை அன்பாகப் பேசி, கடிதம் எழுதித் தாருங்கள் ஐயா என்றார். எழுதிக்கொடுத்தேன். பதில் இன்னும் தபாலில் இருக்கிறது போலும்.

இதோடு படத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் நடுவே ட்ராம் வண்டி ஒன்றின் படம். கீழே 'மருதானை, 1972' என்று போட்டிருக்கிறீர்கள். கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது 1899இல், நின்றது 1960இல். இடையில் 1953இல் ட்ரொலி பஸ்ஸும் வந்து, அதுவும் 1964இல் போய்விட்டது. 1972இல் மருதானையில் ட்ராம் பார்த்தவர் இருந்தால், அவரைத் தனியாகப் பேட்டி காணலாம். கிராண்ட்பாஸ் ட்ராமில் தந்தையாரின் மடியிலிருந்து எட்டிப் பார்த்து அடி வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது என் பால்ய வயது. 1972இல் எனக்கு மீசை இருந்தது.

முன்பெல்லாம் தங்கள் பத்திரிகையில் நகரில் நடக்கிறவற்றுக்கென்று ஒரு சிறு பத்தி இருந்தது. எந்த மண்டபத்தில் யார் பேச்சு, எந்தக் கோயிலில் என்ன திருவிழா, எந்தத் தியேட்டரில் என்ன படம் என்று ஒரு விரல் நீளத்தில் எல்லாம் கிடைக்கும். இப்போது அந்த இடத்தில் சென்னை நடிகர் யாரோடு பேசுவதில்லை, யாரோடு பேசுகிறார் என்று படிக்கிறோம். ஐம்பது ஆண்டுகள் கழித்து இன்றைய இதழைத் திறக்கிற ஒருவர், கொழும்புத் தமிழர் வீட்டைவிட்டு வெளியே போனதாகத் தெரியவில்லை என்று எழுதினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

கோரிக்கை பெரிதல்ல. அடுத்த ஞாயிறு இதழில் படத்தின் ஆண்டைத் திருத்திப் போடுங்கள். பழைய கட்டுத் தொகுதிகளிலிருந்து வாரத்துக்கு ஒரு கால்பக்கத்தை, தேதியோடு, விளம்பரங்களையும் விடாமல், அப்படியே மறுபதிப்புச் செய்யுங்கள். புதிதாக எழுத யாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள் காலை வேளையாவது வாசகர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்ட ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் ஒதுக்குங்கள். மின்விசிறி இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இந்தக் கடிதம் நீளம் என்று தோன்றினால் கடைசியிலிருந்து வெட்டுங்கள். சென்ற முறை எங்கள் வீதியின் வடிகால் அடைப்பைப் பற்றி நான் எழுதியதை நடுவில் வெட்டியதால், நான் மாநகர சபைக்கு நன்றி சொன்னதுபோல அச்சாகி, அயலவர்கள் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.