செயலாளர் ஆண்டறிக்கை 2025: நம் சின்ன டிஸ்ட்ரிக்டும் டெக்சாஸ் மாநிலமும்

தலைவர், நிர்வாகக் குழுவினர், பெற்றோர்கள், ஊரிலிருந்து வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் விழாவும் ஆசிரியர் வார விருந்தும் நன்றாக நடந்தன. சந்தா பாக்கி இருக்கிறது. யாருடையது என்று அவரவருக்கே தெரியும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த வருடம் நம் பெற்றோர் சங்கத்தின் நேரத்தை விழுங்கியது ஒரே கேள்விதான். நம் பிள்ளைகள் படிக்கும், அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்தும் சார்ட்டர் பள்ளி, மாநிலத்தோடு வைத்துப் பார்த்தால் எப்படி? பள்ளிகளுக்கு மாநிலம் ஏ முதல் எஃப் வரை போடும் தரத்தில், வழக்குகளில் சிக்கிக் கிடந்த 2023 தரம் இந்த ஏப்ரலில்தான் வெளிவந்தது. ஆகஸ்ட் 15 அன்று 2024, 2025 இரண்டையும் மாநிலக் கல்வித் துறையான டீஇஏ சேர்த்தே வெளியிட்டது. தொடர்ந்து மூன்று வருடம் தேறாத சார்ட்டரின் உரிமையே ரத்தாகும் என்று 2013 சட்டம் சொல்வதால், மூன்று வருடத் தரம் ஒரே மூச்சில் வந்ததும் வாட்ஸ்அப் குழு கொதித்துப்போனது. நமக்கு அந்த ஆபத்து இல்லை என்பதை இங்கேயும் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் கூட்டத்துக்கு டீஇஏவின் செயல்திறன் அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்தோம். மாநிலம், டிஸ்ட்ரிக்ட் (பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு), பள்ளி என்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று பத்திகள். கடைசி இரண்டிலும் எண்கள் அச்சு அசலாக ஒன்றுதான். பிரிண்டர் கோளாறு என்று ஓர் உறுப்பினர் தாளைத் திருப்பியே கொடுத்துவிட்டார். கோளாறில்லை. டெக்சாஸில் சார்ட்டர் நடத்தும் ஒவ்வோர் அமைப்பும் கணக்கில் ஒரு டிஸ்ட்ரிக்ட். நம்முடையதில் ஒரே பள்ளி, அதனால் இரண்டும் ஒன்று. இன்னொரு பக்கம் முழுக்க நட்சத்திரக் குறிகள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தாத்தா, "இத்தனை ஸ்டார் வாங்கியிருக்கே, நல்ல பள்ளிக்கூடம்தான்" என்றார். பிள்ளைகள் மிகக் குறைவாக இருக்கும் பிரிவில், எந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணை மறைக்கும் குறி அது.

சிக்கலே அங்கேதான். ஒரு வகுப்பில் 20 பேர் ஸ்டார் என்ற மாநிலத் தேர்வை எழுதினால் ஒரு பிள்ளை 5 சதவீதம். இரண்டு பேர் காய்ச்சலோடு எழுதித் தவறினால் 10 சதவீதம் சரியும். மாநிலத்தில் மாணவர்கள் ஏறக்குறைய 55 லட்சம். அந்தச் சராசரி அப்படியெல்லாம் ஆடாது. ஆகவே போன வருடம் ஏறியது, இந்த வருடம் இறங்கியது என்று குழுவில் நடந்த சண்டையில் பாதிக்கு அர்த்தமே இல்லை.

அப்புறம், மாநில மாணவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் இங்கிலீஷை இப்போதுதான் கற்றுவருகிறவர்கள். நம் பள்ளியிலோ பெற்றோரில் பெரும்பாலோர் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள். மாலையானால் பிள்ளைகளுக்குத் தனி கணக்கு வகுப்பு வேறு. மாநிலச் சராசரியைத் தாண்டிவிட்டோம் என்று பேனர் கட்டலாம் என ஒரு யோசனை வந்தது. எனக்கு நாக்கு கூசியது, நிர்வாகக் குழுவும் நிராகரித்தது. சார்ட்டர் இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் இங்குள்ள பொதுப் பள்ளி டிஸ்ட்ரிக்டுகளான பிளேனோ ஐஎஸ்டியிலோ ஃபிரிஸ்கோ ஐஎஸ்டியிலோ படித்திருப்பார்கள். ஒப்பிடுவதென்றால் அவற்றோடு, அதுவும் நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும்.

தரம் போடும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். தேர்ச்சி, முன்னேற்றம் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம். பிரிவுகளுக்கிடையே இடைவெளியைக் குறைப்பதற்கு 30. அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை எந்த டிஸ்ட்ரிக்டில் பெயர் இருந்ததோ அங்கேயே தேர்வெழுதினால்தான் அந்த மதிப்பெண் டிஸ்ட்ரிக்டின் கணக்கில் ஏறும். இடையில் விலகிய பிள்ளையைப் பற்றி ஏ என்ற ஒற்றை எழுத்து எதுவும் சொல்லாது.

என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டிய வரி, எத்தனை ஆசிரியர்கள் விட்டுப் போனார்கள் என்பதுதான். சார்ட்டரில் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு மாநிலச் சான்றிதழ் கட்டாயமில்லை, பட்டம் போதும். அது குறை என்று நான் சொல்லவில்லை. நம் அறிவியல் ஆசிரியர்களில் சிலர் அந்த வழியில் வந்து அருமையாக நடத்துகிறவர்கள். ஆனால் ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் போனால் பாதி போச்சு. எந்த வகுப்பில் எத்தனை பேர் போனார்கள் என்று மூன்று வருட விவரம் கேட்டு நிர்வாக வாரியத்துக்கு எழுதினோம். வாரிய உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனாலும் வாரியக் கூட்டம் திறந்த கூட்டம், போய் உட்காரலாம், பேசலாம். மூன்று பேர் போனோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சார்ட்டருக்குச் சொத்து வரி வசூலிக்கும் அதிகாரம் கிடையாது. ஒரு மாணவருக்கு மாநிலம் தரும் அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்று, இந்த வருடச் சட்டத்தில் 55 டாலர் ஏறியிருக்கிறது. அந்தப் பணமும் சேர்ந்த எண்ணிக்கைக்கு அல்ல, அன்றாட வருகைக்குத்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போய், பொங்கலையும் முடித்துக்கொண்டு ஜனவரிக் கடைசியில் திரும்பும் குடும்பங்கள் நம்மில் நிறைய. பெரிய டிஸ்ட்ரிக்டில் இது கண்ணில் படாது. நம் பள்ளியில் ஒரே மாதத்தில் தெரிந்துவிடுகிறது. யாரையும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. டிக்கெட் போடும்போது காலண்டரைப் பாருங்கள்.

ஸ்டார் தேர்வே 2027-28 முதல் போய், வருடத்துக்கு மூன்று சிறிய தேர்வுகள் வருகின்றன. பழைய எண்களோடு புதியவற்றை ஒப்பிடுவது அதற்குப் பிறகு இன்னும் கடினம். எனவே 2023 முதல் உள்ள விவரங்களை ஒரே தாளில் தொகுக்கும் வேலையை ஒரு துணைக்குழுவிடம் விட்டிருக்கிறோம். அதில் ஓரிடம் காலியாக இருக்கிறது. எக்செல் தெரிந்த யாராவது இன்று கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுங்கள். வாரியத்திடமிருந்து வர வேண்டிய பதிலைக் கேட்டு நினைவூட்டுக் கடிதம் அனுப்ப இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்