காய்ச்சலும் சிவந்த தடிப்பும்: டியூட்டி டாக்டர்களுக்கு ஒரு மடல்

அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணியாற்றும் இளம் மருத்துவர்களுக்கு,

வணக்கம். தோல் மருத்துவராக உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

காய்ச்சலோடு, முகம், கழுத்து, கைகளில் சிவந்து தடித்து, தொட்டாலே வலிக்கும் வீக்கங்களோடு ஒருவர் வருகிறார். செல்லுலைட்டிஸ், அதாவது தோலில் பாக்டீரியா தொற்று, என்று எழுதி ஆன்டிபயாடிக் தொடங்குகிறீர்கள். பெரும்பாலும் அது சரிதான். இரண்டு மூன்று நாளாகியும் குறையாவிட்டால், தயவுசெய்து அடுத்த ஆன்டிபயாடிக்குக்குத் தாவாதீர்கள். அது ஸ்வீட் சிண்ட்ரோமாக இருக்கலாம்.

இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ராபர்ட் டக்ளஸ் ஸ்வீட், எட்டுப் பெண்களிடம் கண்டு 1964-ல் விவரித்த நோய் இது. இங்கே தோலில் கிருமி இல்லை. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் தாமாகவே தோலுக்குள் வந்து குவிகின்றன. ஆனால் ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையும், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளும் ஏறியிருக்கும். ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் தொற்று என்றுதான் நினைப்பார். ஆகவே விரலால் தொட்டுப் பாருங்கள். நீர்க்கொப்புளம் போல மினுங்கும் தடிப்பு, தொட்டால் கெட்டியாக இருக்கும். ஊசி குத்திய இடத்தில் புதிய தடிப்பு கிளம்பினால் அது முக்கியமான துப்பு.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான்: அரிதாக இந்நோய் சதை அழுகல் தொற்றைப் போலவே தோன்றும். அதை நம்பி வெட்டிச் சுத்தம் செய்தால், வெட்டிய இடத்திலேயே நோய் பரவும். அழுகல் தொற்றுக்கு அறுவை தாமதிக்கக் கூடாது என்பதும் உண்மை. அதனால் கத்தி எடுக்கும்போதே பயாப்சிக்கும் (திசுப் பரிசோதனை) கல்ச்சருக்கும் (கிருமி வளர்ப்புச் சோதனை) திசு அனுப்புங்கள். தோல் மருத்துவரையும் உடனே அழையுங்கள்.

நம் ஊரில் அம்மை என்று வேப்பிலை வைத்தோ, அக்கி என்று காவி பூசியோ நாள் கடத்திவிட்டு வருபவர்கள் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். தொழுநோயின் இரண்டாம் வகை எதிர்வினையும் காய்ச்சலும் வலிக்கும் கட்டிகளுமாகவே வரும். உணர்ச்சி குறைந்த தேமல், தடித்த நரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் வந்தால், தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பஞ்ச் பயாப்சி போதும். அதை எடுப்பதற்கு முன் ஸ்டீராய்டு ஊசி வேண்டாம்; விடை கலைந்துவிடும். நோய் உறுதியானால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை. காய்ச்சலும் வலியும் ஓரிரு நாளில் தணிவதைக் காண்பீர்கள். பிறகு சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு கோல்சிசின் உண்டு, டாப்சோன் உண்டு. டாப்சோனுக்கு முன் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்ற பரிசோதனை அவசியம்.

தடிப்பு மறைந்ததும் நோயாளி சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்புவார். அங்கேதான் நீங்கள் தடுத்து நிறுத்த வேண்டும். தொண்டைத் தொற்று, குடல் அழற்சி, கர்ப்பம், கோட்ரைமாக்சசோல் போன்ற மருந்து எனத் தூண்டுதல் பலவாக இருக்கலாம். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்னணியில் புற்றுநோய் இருக்கிறது. அதிலும் ரத்தப் புற்றுநோயே மிகுதி. ரத்தசோகையோ தட்டணுக் குறைவோ தெரிந்தால் ரத்தப் படலப் பரிசோதனை செய்து, அன்றே ரத்தவியல் பிரிவுக்கு அனுப்புங்கள். எல்லாம் இயல்பாக இருந்தாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயரையும் மறுபரிசோதனைத் தேதியையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். தோல் புண் ஆறிய பிறகும் ரத்தப் பரிசோதனைக்கு ஏன் வர வேண்டும் என்பதை வீட்டாரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு தோல் மருத்துவர்