அந்த எண் யாருடையது?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை எடுத்தோம். முடிவு மெசேஜில் வரும் என்றார்கள். வந்தது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பியின் போனுக்கு. சீட்டுப் போடும்போது கொடுத்தது அவன் நம்பர். ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டான். ஐந்தாம் நாள் நான் கேட்ட பிறகுதான் தேடி எடுத்தான். வெறும் வயிற்றில் 260.

பெண்களுக்கு டிஜிட்டல் விஷயங்கள் தெரிவதில்லை என்று சொல்வது சுலபம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 46.9 சதவீதம், ஆண்கள் 70.2. இடைவெளி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்பாவின் மாத்திரைகளில் எது சாப்பாட்டுக்கு முன், எது பின், பேத்திக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். தம்பிக்குப் போனின் மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி. அம்மா போடும் மாத்திரையில் ஒன்றின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. இதில் யாருக்கு வகுப்பு எடுப்பீர்கள்?

மருத்துவப் பதிவுகளை இணையத்தில் சேர்த்து வைக்க மத்திய அரசு தரும் 14 இலக்க ஆபா எண்ணை ஆதார் வழியாக எடுக்கப் போனாலும் இதே கதைதான். ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறதோ அதற்குத்தான் ஓடிபி போகும். பல வீடுகளில் அது கணவர் அல்லது மகனின் நம்பர். சர்க்கரை என்றால் பரவாயில்லை. கருத்தடை பற்றியோ கர்ப்பப் பரிசோதனை பற்றியோ வரும் செய்தியை மாமனார் திறந்து படித்தால்?

பதிவு செய்யும் இடத்தில் ஒரு கேள்வி சேருங்கள்: 'இந்த நம்பர் யாருடையது, முடிவை இதற்கு அனுப்பலாமா?' வேண்டாம் என்பவர்களுக்குக் காகிதத்தில் கொடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு போகட்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கே வரும் தன்னார்வலர்கள் பெண்கள்தான். பத்து நிமிடம் உட்கார்ந்து மெசேஜைத் திறக்கச் சொல்லிக்கொடுக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. சும்மா செய்யச் சொல்லாதீர்கள், அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள்.

அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் நம்பரை மாற்றச் சொல்லி அதே மருத்துவமனைக்குப் போனோம். "பழைய நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றார்கள். தம்பி ஷிப்டில் இருந்தான். திரும்பி வந்துவிட்டோம்.

இப்படிக்கு,
ஒரு மகள்