வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வணக்கம்.

தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பது என் வேலை. உங்களில் சிலர் வீட்டுப் பாட அட்டவணையைக் காட்டி என்னிடம் யோசனை கேட்கிறீர்கள். தமிழ், கணக்கு, ஆங்கிலம், அறிவியல் எல்லாம் இருக்கும், சிலருடையதில் கோடிங்கும் இருக்கும். இசை எங்கே என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ‘விஜயதசமிக்குப் பாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டோம், ஆன்லைனில் நடக்கிறது’ என்பார்கள். இல்லையென்றால், ‘எங்களுக்குச் சங்கீதம் தெரியாதே’ என்பார்கள்.

ஆன்லைன் வகுப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் நடக்கவே முடியாத ஒன்று உண்டு. இணையத்தில் குரல் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும். அதனால் ஆசிரியரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாட முடியாது. ஆசிரியர் பாடி முடித்த பிறகு பிள்ளை தனியாகப் பாடும். இந்த வயதில் பிள்ளைக்கு மிகவும் தேவைப்படுவது அந்தச் சேர்ந்து பாடுவதும் சேர்ந்து தட்டுவதும்தான். அதை வீட்டில் நீங்கள்தான் கொடுக்க முடியும். அதற்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தாளத்திலிருந்து தொடங்கலாம். மிருதங்கம் படிப்பவர்கள் சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களை, வாயால் சொல்லிப் பழகித்தான் கையில் வாசிப்பார்கள். தகிட என்றால் மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. இதைப் பலகாரப் பெயர்களாக மாற்றிவிடுங்கள். மு-றுக்-கு, மூன்று தட்டு. அ-தி-ர-சம், நான்கு. வ-டை, இரண்டு. அப்புறம் கோத்துப் பார்க்கலாம். ‘வடை முறுக்கு’ ஐந்து, ‘முறுக்கு அதிரசம்’ ஏழு, ‘அதிரசம் வடை முறுக்கு’ ஒன்பது. ஒரே வேகத்தில், நிறுத்தாமல், தொடையில் தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை முதல் நாளே இதைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த நாள் தானாகவே புதுப் பலகாரம் கொண்டுவரும். ஜாங்கிரி எத்தனை, பணியாரம் எத்தனை என்று அதுவே உங்களைக் கேட்கட்டும்.

இது கைவந்த பிறகு, நீங்கள் ‘முறுக்கு’ என்றும் பிள்ளை ‘அதிரசம்’ என்றும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். முதல் எழுத்தில் மட்டும் பலமாகத் தட்டுங்கள். இரண்டு பேர் தட்டும் விலகி விலகிப் போகும். பன்னிரண்டு எண்ணிக்கை முடிந்ததும் அடுத்த தட்டில் இரண்டும் சேர்ந்து விழும். அந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். பின்னாளில் மீச்சிறு பொது மடங்கு என்று படிக்கப்போகும் பிள்ளைக்கு அது காதில் கேட்டுப் பழகிய விஷயமாகிவிடும். கணக்குக்கு உதவும் என்பதற்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். அந்தச் சிரிப்பே போதுமான காரணம்.

மழைநாளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே மாதிரியான பீங்கான் கிண்ணங்கள் நான்கைந்தை வரிசையாக வைத்து, தண்ணீரைக் கூட்டிக் குறைத்து ஊற்றி, மரக்கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக் கூட ஒலி தாழ்ந்து வரும். ஜலதரங்கம் என்ற வாத்தியமே இதுதான். ஆனையாம்பட்டி கணேசன் வாசிக்கும் காணொலியைத் தேடி அதற்குப் பிறகு காட்டுங்கள். முதலில் காட்டினால் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடும். பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வாயருகே ஊதச் சொல்லுங்கள். இங்கே தண்ணீர் கூடினால் ஒலி உயரும்! ஏன் தலைகீழாகிறது என்று பிள்ளை கேட்டால் உடனே சொல்லாதீர்கள், கொஞ்சம் யோசிக்க விடுங்கள். தட்டும்போது அதிர்வது கிண்ணம். தண்ணீரின் பாரம் ஏற ஏற அது மெதுவாக அதிரும். ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறையும், ஒலி மேலே போகும்.

ஊரில் பூவரச மரம் இருந்தால் இலையைச் சுருட்டி பீப்பீ செய்யக் கற்றுக்கொடுங்கள். பெரிய இலையில் சுருட்டினால் ஒரு சத்தம், சின்ன இலையில் வேறு சத்தம். காது வலிக்கும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. பிள்ளை பாடத் தொடங்கியதும் கைபேசியை நீட்டிப் படம் பிடிப்பதை விட்டுவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது என்று தெரிந்த நொடியிலிருந்து பிள்ளை விளையாடுவதை நிறுத்திவிடுகிறது, நடிக்கத் தொடங்குகிறது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இதனாலேயே வாயை மூடிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். படம் பிடிக்க ஆசையாக இருந்தால் பாட்டியைப் பிடியுங்கள். தாலாட்டோ நடவுப்பாட்டோ கும்மிப்பாட்டோ அவர்களுக்கு இரண்டு வரியாவது தெரிந்திருக்கும். பேரப்பிள்ளையே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யட்டும். தாலாட்டில் தாய்மாமன் கொண்டுவரும் சீரெல்லாம் வரிசையாக வரும். தன் மாமா என்ன கொண்டுவருவார் என்று அதே மெட்டில் பிள்ளை ஒரு வரி கட்டிப் பாடலாம்.

சுருதி சேரவில்லை என்று திருத்தாதீர்கள். ஆறேழு வயதில் பல பிள்ளைகளுக்குச் சுருதி சேராது. கேட்கக் கேட்க, சேர்ந்து பாடப் பாடத்தான் அது வரும். ‘உனக்குப் பாட்டு வராது’ என்று ஒருமுறை கேட்ட பிள்ளையைத் திரும்பப் பாடவைப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? அப்பாக்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ‘ஒரு கட்டை’ எனப்படும் தாழ்ந்த சுருதியில் நீங்கள் வசதியாகப் பாடுவது பிள்ளையின் குரலுக்கு எட்டாத ஆழம். அதைப் பிடிக்க முயன்று பிள்ளை முனகும். அது பிள்ளையின் குறை இல்லை. கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் உங்கள் குரலை மேலே ஏற்றிப் பாடுங்கள், அல்லது பிள்ளையைத் தொடங்கச் சொல்லி நீங்கள் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள்.

நேரம் அதிகம் வேண்டாம். தினமும் பத்து நிமிடம் போதும். ஆனால் அதை ‘கணக்கு முடித்தால் பாட்டு’ என்று பரிசாக வைக்காதீர்கள். கணக்கு முடிக்காத நாளிலும் அந்தப் பத்து நிமிடம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும்.

உங்களில் சிலர் வாரம் ஒருமுறை பூங்காவிலோ யாராவது ஒருவர் வீட்டு மாடியிலோ பிள்ளைகளோடு கூடுகிறீர்கள். அடுத்த முறை கூடும்போது பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ‘முறுக்கு’ ஒரு பாதிக்கும் ‘அதிரசம்’ மறு பாதிக்கும் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்களும் நாற்காலியை விட்டு இறங்கி அதே வட்டத்தில் உட்காருங்கள்.

அன்புடன்,
ஒரு பாட்டு ஆசிரியை