‘ஏதாவது ஒரு கிளீனர்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் பிளாஸ்டிக் மாடல் கார் கட்டுவதைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினாலே எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் பெயின்ட் அடிக்கும் முன் பம்பர், சக்கரம் போன்ற பாகங்களில் வெள்ளியாகப் பளபளக்கும் குரோம் பூச்சை எடுப்பதற்கு, ‘தின்னரில் துடையுங்கள், போகாவிட்டால் ஏதாவது ஒரு கிளீனரில் ஊறப் போடுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற பக்கத்தில் அந்த வரி வந்திருக்கவே கூடாது.

தின்னர் விஷயம் சுருக்கமானது. ரெவெல், டாமியா போன்ற நிறுவனங்களின் கிட்களில் பெரும்பாலான பாகங்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். லாக்கர் தின்னரோ அசிட்டோனோ பட்டால் பூச்சோடு சேர்ந்து பிளாஸ்டிக்கும் இளகி, காரின் முன்பக்க கிரில்லின் மெல்லிய கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதைக் காப்பாற்ற முடியாது.

அந்தப் பளபளப்பு உண்மையில் குரோமியமே இல்லை. பாகத்தின் மேல் முதலில் லாக்கர் அடித்து, வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள், அதற்கு மேலும் ஒரு பூச்சு இருக்கலாம். தங்க நிறச் சக்கரம் என்றால் நிறம் அந்த மேல்பூச்சில்தான். காரம் பட்டால் அலுமினியம் கரையும். அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக் சோடா படக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். வெள்ளைத் துணிக்குப் போடும் சாதாரண திரவ ப்ளீச்சும் காரம்தான், அதனால் அதுவே போதும், வேறு எதுவும் கலக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பம்பரை மூழ்கவைத்து மூடியை இறுக்காமல் விட்டால், வெள்ளி திட்டுத் திட்டாக மறைந்து அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கின் நிறம் தெரிய ஆரம்பிக்கும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அடி லாக்கர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, லேசான மஞ்சளாக, கண்ணாடி மாதிரி வழவழவென்று. பாகத்தை நன்றாக அலசி, காயவைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு ராத்திரி ஊறவிட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். இவ்வளவும் எதற்கு என்றால், மாடல் சிமென்ட் என்ற பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது, நடுவில் பூச்சு இருந்தால் பிடிக்காது. பெயின்ட்டும் அந்த வழவழப்பின் மேல் நிற்காது, நகம் பட்டாலே உரியும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக் கோட்டைத் தேய்த்து எடுக்கவும் அப்போதுதான் வழி. நிஜக் காரில் மங்கலான வார்ப்பாக இருக்கும் எஞ்சின் பாகங்களுக்குக்கூட 1/25 அளவு (நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) அமெரிக்க கார் கிட்களில் குரோம் பூசி வைத்திருப்பார்கள், அது கண்ணை உறுத்தும்.

இனி அந்த ‘ஏதாவது ஒரு கிளீனர்’. நம் வீடுகளில் ப்ளீச்சும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ப்ளீச்சில் பூச்சு மெதுவாகப் போகிறதே என்று ஒரு பையன் அதில் கொஞ்சம் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அது கண்ணையும் நுரையீரலையும் தாக்கும், காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது, அதிலும் விஷ வாயுதான் வரும். ஆசிட் ஊற்றிய மக்கைக் கழுவாமல் ப்ளீச்சுக்கு எடுப்பதும் வேண்டாம். ப்ளீச் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பால்கனி மாதிரி காற்று வரும் இடத்தில். ஆல்கஹால் பக்கம் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது.

உலோகத்தில் வார்த்த டைகாஸ்ட் கார்களை அப்படியே ப்ளீச்சில் முக்குவதும் தவறு, துத்தநாகக் கலவை உடல் அரித்துவிடும். பிளாஸ்டிக் பாகத்தைக் கழற்றி அதை மட்டும் போட வேண்டும்.

இந்த ஞாயிறே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். முழு முறையையும் எழுத இடம் இல்லையென்றால் ப்ளீச்சில் எதையும் கலக்காதீர்கள் என்பதையாவது போடுங்கள்.

மாடல் கட்டும் வாசகர்,
கோவை